துண்டு எந்த அடுப்புக்குப் போகவேண்டும்? நல்லூரடி உணவகம் ஒன்றின் ஓடர் வழித்தடம்: நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்து நல்லூருக்குக் கிட்ட ஒரு ஒழுங்கைக்குள், பழைய நாற்சார் வீடு ஒன்றைத் திருத்தி நடத்தும் உணவகம் இது. முன் விறாந்தையிலும் நடு முற்றத்தைச் சுற்றியும் மேசைகள், பின்னால் குசினி. பகலில் சோறு கறி. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு கொத்து, அப்பம், இடியப்பம், பிறைட் றைஸ், டெவல், ஜூஸ். சனி, ஞாயிறுகளில் ஒடியல் கூழும் உண்டு. கடையின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டியதில்லை. முதலாளி தொலைபேசியில் சொன்ன முறைப்பாடு ஒற்றை வரி: "தம்பி, ஓடர் துலையுது."

அவர் கேட்டது குசினிக்கு இரண்டு பெரிய திரைகள். கொழும்பில் ஏதோ ஒரு கடையில் பார்த்திருக்கிறார். ஓடரை அடித்துக் குசினிக்கு அனுப்பும் தாள் துண்டு துலையும், திரை துலையாது என்பது அவருடைய கணக்கு. திரை பூட்டுவது எனக்கும் இலேசான வேலைதான். ஆனால் ஓடர் எந்த இடத்தில் துலைகிறது என்று தெரியாமல் திரையைப் பூட்டினால், பிறகு திரையில் இருந்தும் அது துலையும். அதனால் முதலில் பழைய ஏற்பாட்டையே சில இரவுகள் பார்த்தேன்.

இருந்த ஏற்பாடு

காசாளர் மேசையில் பில் போடும் கணினி. மேசை பார்க்கும் பொடியன்களிடம் ஓடர் அடிக்க இரண்டு டப் (கையடக்கத் தொடுதிரைக் கணினி). பிறிண்டர் மூன்று: காசாளரிடம் ஒன்று, குசினியில் ஒன்று, ஜூஸ் கவுண்டரில் 58 மில்லிமீற்றர் தாள் போடும் சின்னது ஒன்று. மென்பொருளை விற்ற நிறுவனம் மெனுவில் உள்ள ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பிறிண்டரைக் காட்டிவிட்டுப் போயிருந்தது. கொத்து, றைஸ், டெவல், சோறு எல்லாம் குசினிக்கு. ஜூஸும் ஐஸ்கிரீமும் ஜூஸ் கவுண்டருக்கு. மேலோட்டமாகப் பார்த்தால் பிழை சொல்ல முடியாத ஏற்பாடு.

ஆனால் குசினி ஒரே இடம் இல்லை. உள்ளே போனால் நாலு அடுப்படிகள். மச்சக் கொத்துக்கு, அதாவது இறைச்சி, முட்டை சேரும் அசைவக் கொத்துக்கு, ஒரு கல். சைவக் கொத்துக்கு வேறொரு கல், வேறு கரண்டி, வேறு எண்ணெய்ப் போத்தல். சட்டி வேலை எல்லாம் மூன்றாவது இடத்தில். இடியப்பமும் அப்பமும் ஒரு அக்காவின் பொறுப்பில், பின் கதவடியில். இந்த நாலு இடத்துக்குமான துண்டுகளும் மச்சக் கல்லுக்குப் பக்கத்துத் தட்டில் இருந்த ஒரே பிறிண்டரில் ஒன்றாக வந்து விழுந்தன. அவற்றைப் பிரித்துக் கொடுக்கும் வேலையைக் கொத்து மாஸ்ரர் செய்யவேண்டும். அவருடைய இரண்டு கையிலும் கொத்தும் தகடு.

அவரிடமே கேட்டேன். "நான் துண்டைப் பாக்கிறேல்லைத் தம்பி. பொடியன் வந்து கத்துறதைத்தான் கேக்கிறன்" என்றார்.

ஆக அந்தக் கடையின் உண்மையான வழித்தடம் குரல்தான். பொடியன் டப்பில் ஓடரை அடிப்பான், பிறகு குசினி யன்னலடிக்கு ஓடி வந்து "அஞ்சாம் மேசைக்கு ரெண்டு கோழிக் கொத்து" என்று கத்துவான். சனம் குறைந்த நாளில் இது போதும். சனம் கூடினால் பொடியனுக்கு ஓடி வர நேரமில்லை, துண்டை யாரும் பார்க்கவும் இல்லை. அந்த ஓடர் போச்சு. சில வேளை கத்தலைக் கேட்டு மாஸ்ரர் போட, துண்டைப் பார்த்து உதவியாள் சொல்ல, அதே கொத்து இரண்டாம் முறையும் கல்லில் விழும். துலைந்தது போல இரட்டித்ததும் நடந்திருக்கிறது. முதலாளிக்கு முறைப்பாடாக வந்தது துலைந்தது மட்டும், ஏனென்றால் இரட்டித்த கொத்தை யாரோ ஒருவர் எப்படியும் சாப்பிட்டுவிடுவார்.

துண்டையும் பில்லையும் ஒப்பிட்டது

கடை பூட்டிய பிறகு அன்றைய பில்களின் பதிவை எடுத்து, குசினிக் கம்பியில் குத்தியிருந்த துண்டுகளோடு வரி வரியாகப் பொருத்திப் பார்த்தோம். அலுப்பான வேலை. ஆனால் இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை. பில்லில் இருந்தும் துண்டில் இல்லாதது ஒரு வகை, துண்டு இருந்தும் அடுப்படிக்குப் போகாதது இன்னொரு வகை. இரண்டுக்கும் மருந்து வேறு.

முதல் வகையில் அகப்பட்டது ஒடியல் கூழ். வார இறுதியில் மட்டும் இருக்கும் சாப்பாடு என்பதால், காசாளர் அதைச் சனிக்கிழமை காலையில் புதுப் பொருளாக அடித்துச் சேர்ப்பார். பெயரும் விலையும் போடுவார். பிரிவு போடமாட்டார், போடும்படி மென்பொருளும் கேட்காது. பிரிவு இல்லாத பொருளுக்குப் பிறிண்டர் இல்லை. பிறிண்டர் இல்லாத பொருளைப் பற்றி மென்பொருள் வாய் திறக்காது. பில்லில் கூழ் வரும், காசும் வாங்கப்படும், குசினிக்கு ஒரு துண்டும் போகாது. இவ்வளவு நாளும் கூழ் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது முழுக்க முழுக்கப் பொடியன்களின் தொண்டையால்தான்.

இரண்டாவது வகையின் தடயம் ஜூஸ் கவுண்டர் லாச்சிக்குள் கிடந்தது. பழம் வெட்டும் கத்திக்குக் கீழே ஒரு கட்டுத் துண்டுகள். எல்லாம் கொத்தும் றைஸும். அங்கே நிற்கும் தங்கச்சியிடம் கேட்டால், "இடைக்கிடை இஞ்சையும் வரும் அண்ணை, பில்லின்ர கொப்பி எண்டு நினைச்சு எடுத்து வச்சிருக்கிறன்" என்றாள். எறியாமல் வைத்தது எங்கள் அதிர்ஷ்டம். துண்டுகளில் இருந்த நேரத்தைப் பார்த்தால், இரண்டு இரவுகளில் மட்டும் தொடர்ச்சியாக வந்திருக்கின்றன. அந்த இரண்டு இரவும் கரண்ட் போன இரவுகள்.

பிறிண்டருக்கு வலைப்பின்னலில் ஒரு ஐபி முகவரி வேண்டும். இந்தக் கடையில் அதை ரவுட்டரே டிஎச்சிபி முறையில் அவ்வப்போது பங்கிட்டுக் கொடுத்தது. யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பதிவை மலிவு ரவுட்டர்கள் பல தற்காலிக நினைவில் மட்டும் வைத்திருக்கும். கரண்ட் போனால் பதிவும் போகும். ஜெனரேற்றர் எடுத்ததும் எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் எழும்பி முகவரி கேட்கும், முந்தியவருக்கு முதல் முகவரி. மென்பொருளோ குசினிப் பிறிண்டரைப் பெயரால் அறியாது, பழைய முகவரியால் மட்டும் அறியும். அந்த முகவரி அன்றிரவு ஜூஸ் பிறிண்டருக்குப் போய்விட்டது. மென்பொருளைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காக அனுப்பப்பட்டாயிற்று.

2022 இல் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின் வெட்டு இருந்த காலத்தையும் கடை கடந்து வந்திருக்கிறது. அப்போது இது எத்தனை தரம் நடந்திருக்கும் என்று முதலாளி யோசிக்கத் தொடங்கினார். யோசிக்க விடாமல் வேலைக்கு இழுத்தேன்.

இதோடு சேர்ந்த இன்னொரு குறை, "அனுப்பியாச்சு" என்பதை "அடித்தாச்சு" என்று மென்பொருள் எடுத்துக்கொள்வது. எப்சன் நிறுவனம் உருவாக்கிய ஈஎஸ்சி/பொஸ் என்ற கட்டளைத் தொகுதியைத்தான் இந்த வகைப் பிறிண்டர்களில் பெரும்பாலானவை பேசுகின்றன. வலைப்பின்னலில் வழக்கமாக 9100 என்ற வாசலால் தரவு போகும். பிறிண்டர் தரவை வாங்கித் தன் நினைவில் வைத்துக்கொண்டதும் அனுப்பியவர் பக்கத்தில் வேலை முடிந்ததாகிவிடும். தாள் றோல் முடிந்திருந்தாலோ மூடி திறந்திருந்தாலோ துண்டு உள்ளே காத்துக் கிடக்கும். பொடியன் துண்டு வரவில்லை என்று திரும்ப அனுப்புவான். புது றோல் போட்டதும் இரண்டும் வரும். மூடி திறந்திருக்கிறதா, றோல் முடிந்ததா என்று பிறிண்டரிடமே கேட்க அந்தக் கட்டளைத் தொகுதியில் வழி உண்டு. பழைய மென்பொருள் கேட்கவே இல்லை.

மெனுவை மறந்து அடுப்பைப் பார்த்தது

மெனுவின் பிரிவுகள் சாப்பிட வருபவருக்காக எழுதப்பட்டவை. அவருக்குக் கொத்து என்றால் கொத்து. கோழி, ஆடு, முட்டை, மரக்கறி எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தால் அவருக்கு வசதி. குசினியில் மரக்கறிக் கொத்துக்கும் கோழிக் கொத்துக்கும் ஒரு உறவும் இல்லை. விரதகாரர் கேட்ட மரக்கறிக் கொத்து மச்சக் கல்லில் விழுந்தால் அது பிந்திப் போன ஓடரைவிடப் பெரிய பிழை. அதை யாழ்ப்பாணத்தில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே பிரிவு வழியான வழித்தடத்தைக் கலைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் "இதை யார் எந்த நெருப்பில் செய்கிறார்" என்ற கேள்வியை மட்டும் கேட்டு எழுதினோம். மெனுவைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்குள் நின்று எழுதியது. கணினிக்கு முன் இருந்து எழுதியிருந்தால் பாதி பிழைத்திருக்கும். உதாரணத்துக்கு, கோழிக் கொத்துக்கு மேலதிகமாகக் கேட்கும் ஒம்லெட் கல்லில் போடப்படுவதில்லை, சட்டி அடுப்பில் போடப்படுகிறது. மெனுவில் அது கொத்தின் கீழே உள்ள ஒரு சேர்க்கை. எனவே சேர்க்கைகளுக்கும் தனி வழி வேண்டியிருந்தது. "உறைப்பு குறைச்சு", "வெங்காயம் வேண்டாம்" போன்றவை அப்படியில்லை. அவை தாய்ப் பொருளோடு ஒட்டிக்கொண்டே போகவேண்டும், அதுவும் கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக.

மரக்கறிக் கொத்துக்கு முட்டை சேர்க்கச் சொன்னால்? அந்த நொடியே அது மச்சக் கல்லுக்கு மாறவேண்டும். சைவக் கல்லடியில் நிற்பவர்தான் இந்தக் கேள்வியைக் கேட்டார். மென்பொருளில் அதைச் செய்ய நேரடி வழி இல்லாததால், மரக்கறிக் கொத்தில் முட்டைச் சேர்க்கையையே எடுத்துவிட்டு, முட்டைக் கொத்தை அடிக்கும்படி ஆக்கினோம்.

விதிகளின் வரிசை இது: பொருளுக்கென்று தனி வழி இருந்தால் அது, இல்லாவிட்டால் பிரிவின் வழி, அதுவும் இல்லாவிட்டால் காசாளர் பிறிண்டரில் "வழி இல்லை" என்ற தலைப்போடு பெரிய எழுத்தில் ஒரு துண்டு. கடைசி விதிதான் முக்கியம். வழி தெரியாத ஓடர் யாராவது ஒரு மனிதரின் கண்ணில் பட்டே ஆகவேண்டும். அடுத்த சனிக்கிழமை கூழ் அந்தத் தலைப்போடுதான் வந்தது. காசாளர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சட்டி அடுப்படியில் கொடுத்துவிட்டு, வந்து வழியைப் போட்டார்.

எங்கே திரை, எங்கே தாள்

முதலாளி கேட்ட இரண்டு திரைகளில் ஒன்றுதான் குசினிக்குள் போனது, அதுவும் சட்டி அடுப்படிக்கு. அங்கே வேலை பார்ப்பவருக்கு வேண்டியது மொத்தக் கணக்கு. நாலு மேசைக்குத் தனித்தனியாகக் கிடக்கும் பிறைட் றைஸை அவர் ஒன்றாகத்தான் போடுவார். "கோழி றைஸ் 5, இறால் றைஸ் 2" என்று எல்லா ஓடரையும் கூட்டிக் காட்ட திரையால் முடியும், தாளால் முடியாது. பிந்தும் ஓடர் மஞ்சளாகிப் பிறகு சிவப்பாகும். எண்ணெய்க் கை பட்டால் தொடுதிரை சொன்னது கேட்காது என்பதால், முடிந்த ஓடரைத் தள்ளிவிட அழுத்தும் கட்டைகள் உள்ள சிறு பட்டை ஒன்றைக் கீழே பூட்டினோம்.

கொத்துக் கல்லுக்குத் தாள். மாஸ்ரர் திரை பார்ப்பதற்குத் தலை நிமிர்த்த மாட்டார். பொரிந்து தெறிக்கும் எண்ணெயில் திரை ஒரு கிழமையில் மங்கிவிடும். துண்டு என்றால் கொத்தோடு சேர்ந்து பார்சல் மேசை வரைக்கும் போகும். ஆனால் தேர்மல் தாளுக்குச் சூடு ஆகாது. அது சூட்டினால் கறுப்பாகும் தாள். 70 பாகை செல்சியஸை அண்டினாலே எழுத்து எது, தாள் எது என்று தெரியாமல் கறுக்கத் தொடங்கும். கல்லுக்கு மேலே கிளிப்பில் தொங்கவிட்ட பழைய துண்டுகள் சில முழுக்கக் கறுத்திருந்தன. உலகெங்கும் இதற்குச் சொல்லும் தீர்வு, மைநாடாவில் குத்தி அடிக்கும் ஊசிப் பிறிண்டர். அதற்குச் சூடு பிரச்சினையில்லை, சாதாரணத் தாள்.

இங்கே அது சரிவரவில்லை. காரணம் தமிழ். இந்தப் பிறிண்டர்களுக்குள் பதிந்திருக்கும் எழுத்து அட்டவணைகளில் நம்முடைய எழுத்து பெரும்பாலும் இருப்பதில்லை. அனுப்பினால் கேள்விக்குறிகள்தான் வரும். "கொ" வைப் போல முன்னும் பின்னும் குறி ஏறும் எழுத்தை ஒவ்வொன்றாக அடுக்கவும் முடியாது. எனவே துண்டு முழுவதையும் படமாக வரைந்து அனுப்பவேண்டும். 9 ஊசியால் படம் அடித்தால் மெதுவாகவும் கரடுமுரடாகவும் வரும். ஆங்கிலத்திலேயே அடித்துவிடலாமே என்று காசாளர் சொன்னார். சைவக் கல்லடியில் நிற்பவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அவருக்காகத்தானே துண்டு?

ஆகவே தேர்மல் பிறிண்டரையே வைத்துக்கொண்டு இடத்தை மாற்றினோம். கல்லில் இருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில், காற்று வரும் யன்னல் பக்கச் சுவரில். கிளிப்பும் அங்கேதான். கொத்து கல்லில் இருக்கும் சில நிமிடத்துக்குத் துண்டு தாங்கினால் போதும்.

படமாக அடிப்பதற்கு ஒரு விலை உண்டு. 80 மில்லிமீற்றர் தாளில் அடிக்கக்கூடிய அகலம் 72 மில்லிமீற்றர், மில்லிமீற்றருக்கு 8 புள்ளி, ஆக ஒரு வரிக்கு 576 புள்ளி, அதாவது 72 பைற். 10 சென்ரிமீற்றர் நீளத் துண்டுக்கு 800 வரி, 57,600 பைற். வலைப்பின்னல் வயரில் இது கண் இமைக்கும் நேரம். காசாளரின் பழைய பிறிண்டர் செக்கனுக்கு 9600 பிற் வேகத்தில் சீரியல் வயரில் பூட்டியிருந்தது. அதில் அதே துண்டு முழுதாய் வர ஒரு நிமிடம். அதையும் வலைப்பின்னல் வயருக்கு மாற்றினோம்.

அடுத்தது சத்தம். துண்டு வந்தால் கீச்சிடும் பிறிண்டர்தான், ஆனால் இரண்டு தகடும் கல்லில் தாளம் போடும்போது எந்தக் கீச்சும் கேட்காது. கொத்துக் கடைக்கு முன்னால் நின்றவர்களுக்குத் தெரியும். பணப்பெட்டியைத் திறக்கவென்று பிறிண்டரின் முதுகில் உள்ள துளையில், அந்த மின் துடிப்பால் எரியும் சிவப்பு லைற் ஒன்றைப் பூட்டி மாஸ்ரரின் கண்ணுக்கு நேரே வைத்தோம். லைற் மின்னினால் கை நீட்டித் துண்டை எடுப்பார்.

இடியப்ப அக்காவுக்கு ஒன்றும் வைக்கவில்லை. அவருடைய இடம் பார்சல் மேசைக்குப் பக்கத்தில், தட்டுத் தட்டாக அவித்து வைப்பவர். எத்தனை வேண்டுமென்று பார்சல் மேசையில் நிற்பவர் திரும்பிச் சொன்னால் முடிந்தது. எல்லா அடுப்புக்கும் கருவி வைக்கவேண்டும் என்று சட்டமில்லை.

இரண்டாவது திரை பார்சல் மேசையில். எந்த ஓடரில் எது வந்தது, எது வரவில்லை என்று முழுசாகப் பார்க்க வேண்டிய ஒரே ஆள் அங்கே நிற்பவர். கொத்து வந்தால் அந்த வரியைத் தொட்டு அழிப்பார், றைஸ் வரும் வரைக்கும் பையைக் கட்டமாட்டார்.

வயரும் கரண்டும்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிறிண்டர்களுக்கும் திரைகளுக்கும் மாறாத முகவரி கொடுத்து, அதே முகவரியை ஒவ்வொன்றின் நெற்றியிலும் எழுதி ஒட்டினோம். அதிகமான பிறிண்டர்களில் தாள் தள்ளும் பொத்தானை அமத்திக்கொண்டு கரண்டைப் போட்டால் தன் முகவரியைத் தானே அடித்துக் காட்டும். சந்தேகம் வந்தால் காசாளரே பார்க்கலாம். குசினிக்கு வைபை வேண்டாம், வயர்தான். சுண்ணக்கல்லில் கட்டிய தடித்த சுவருக்கு அப்பால் வைபை தவழ்ந்துதான் போகிறது. வந்து சாப்பிடுபவர்களுக்கான வைபையைக் கடையின் வலைப்பின்னலில் இருந்து பிரித்தோம். கணினிக்கு மட்டும் யூபிஎஸ் இருந்தது, ரவுட்டருக்கும் வலைப்பின்னல் வயர்களை இணைக்கும் சுவிட்சுக்கும் இருக்கவில்லை. கணினி உயிரோடு இருந்து என்ன பயன், பேச வழி இல்லாவிட்டால்? அவற்றையும் யூபிஎஸ்ஸுக்கு மாற்றினோம். ஓடர் இணையத்துக்குப் போய்த் திரும்பி வராமல் கடைக்குள்ளேயே சுற்றும்படி அமைத்ததால், இணைய இணைப்பு விழுந்தாலும் குசினிக்குத் தெரியவராது.

ஒரு பிறிண்டர் படுத்தால் அதன் துண்டு எங்கே போவது என்பதற்கும் விதி போட்டோம். கொத்துப் பிறிண்டர் பதில் சொல்லாவிட்டால் துண்டு காசாளரிடம் வரும், "கொத்துக் கல்லுக்குக் கொண்டுபோ" என்று தலையில் எழுதி. தலைப்பு இல்லாமல் இடம் மாறி வந்த துண்டு லாச்சிக்குள் போவதை ஏற்கெனவே பார்த்தாயிற்று.

பின்னேரத்தின் முதல் துண்டு 1 எனத் தொடங்கி ஒவ்வொரு அடுப்படிக்கும் தனித்தனி இலக்கமும் ஏறும். 41 க்குப் பிறகு 43 வந்தால் இடையில் ஒன்று எங்கோ நிற்கிறது. மாஸ்ரருக்கு இந்த ஏற்பாடு முழுவதிலும் பிடித்தது இதுதான் என்று நினைக்கிறேன். இப்போது "42 எங்கை?" என்று அவரே கேட்கிறார்.

கத்தலை நிறுத்தியது, கொடியேறியது

ஓடரைக் கத்துவது நிற்காவிட்டால் எல்லாம் வீண். முதல் கிழமை இரண்டும் ஓடியது: கத்தலும் துண்டும். பிறகு முதலாளி ஒரு கட்டளை போட்டார், துண்டு இல்லாத கொத்து கல்லில் விழக்கூடாது. பொடியன்கள் முணுமுணுத்தார்கள். ஓடரை மாற்றும்போதுதான் உண்மையான சிக்கல் வந்தது. முன்பெல்லாம் "ஆட்டுக் கொத்து வேண்டாமாம்" என்று கத்தினால் சரி. இப்போது டப்பில் நீக்கினால், நீக்கியதும் ஒரு துண்டாகவே அதே அடுப்படிக்குப் போகவேண்டும். கறுப்புப் பட்டையில் "வேண்டாம்" என்று அடித்து வரும். திரையில் அந்த வரி சத்தமில்லாமல் மறையக்கூடாது. கோடு கிழித்துச் சிவப்பில் நிற்கும், பார்த்தவர் அழுத்தினால்தான் போகும்.

நல்லூர்க் கந்தன் கோயில் திருவிழா ஆடி அமாவாசை கழிந்த ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் நடக்கும். அந்த நாட்களில் இந்தக் கடையில் மச்சம் இல்லை. முந்திய வருடங்களில் காசாளர் ஒவ்வொரு பொருளாக மறைத்து, முடிந்த பிறகு ஒவ்வொன்றாகத் திறப்பாராம். ஒரு முறை இறால் டெவலை மறைக்க மறந்து, யாரோ ஓடரும் பண்ணிவிட்டார்கள். இப்போது வழித்தடமே இரண்டு: சாதாரணம், திருவிழா. ஒரு பொத்தானில் மாறும். திருவிழா வழியில் மச்சப் பொருட்கள் டப்பில் தோன்றாது. மச்சக் கல் உரஞ்சிக் கழுவிப் பூட்டப்பட்டு, அதன் மாஸ்ரர் தோசைக் கல்லுக்குப் போவார். அவருடைய பிறிண்டரும் லைற்றும் அவரோடு தோசைப் பக்கம் வேலை செய்யும். பின்னேரத் திருவிழா முடிந்து சனம் ஒரே அடியாக இறங்கும் நேரத்தில் பார்சல் மேசைத் திரைதான் அதிகம் உழைத்தது. திரை நிரம்பி அடுத்த பக்கத்துக்குப் போனபோது, பழைய ஓடர்கள் எப்போதும் முதல் பக்கத்தில் நிற்கும்படி மாற்றவேண்டி வந்தது.

இப்போது கம்பியில் உள்ள துண்டுகளும் பில் பதிவும் பொருந்துகின்றன. பொருந்தாத நாட்களில் காரணம் காசாளர் பிறிண்டரில் "வழி இல்லை" என்று எழுதி வந்திருக்கிறது.

மிச்சம் உள்ளது இரண்டு. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் செயலி வழியாக வரும் ஓடர்கள் இன்னும் தனி டப்பில் வந்து, காசாளர் கையால் திரும்ப அடிக்கிறார். அதை மென்பொருளோடு இணைப்பது விற்ற நிறுவனத்தின் கையில். அதுவரை செயலியின் ஓடர் இலக்கத்தைத் துண்டில் எழுதுவது கட்டாயம் என்று வைத்திருக்கிறோம். மற்றது, முகவரி முன்கூட்டியே போட்டு அலுமாரியில் வைக்க ஒரு உதிரிப் பிறிண்டர் வாங்கச் சொன்னேன். முதலாளி அந்தக் காசுக்கு முன் விறாந்தையில் மூன்றாவது திரை ஒன்று கேட்கிறார், ஓடர் இலக்கம் காட்ட. பேச்சு நடக்கிறது.